வாய்தா நாள் மாத்திரை

அம்சத்தின் சுருக்குப் பையில் எப்போதும் இரண்டு ஜாதி மாத்திரை இருக்கும். ஒன்று வெள்ளை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாதம் ஒருமுறை சும்மா கொடுப்பது. பழுப்புக் காகித உறையில் அறுபது மாத்திரையை எண்ணிப் போட்டு, காலை ஒன்று ராத்திரி ஒன்று என்று பேனாவால் கிறுக்கித் தருவார்கள். இன்னொன்று ரோஸ். மன்னார்குடி மெடிக்கலில் காசு கொடுத்து வாங்குவது. பளபளவென்று வெள்ளித்தாளில், ஒவ்வொன்றும் தனித்தனி அறையில், சீமான் வீட்டுப் பிள்ளை மாதிரி உட்கார்ந்திருக்கும். இரண்டுமே இரத்தக் கொதிப்புக்குத்தான். வெள்ளை வெறும் நாளுக்கு. ரோஸ் நல்ல நாளுக்கு.

நல்ல நாள் என்றதும் பொங்கல், தீபாவளி என்று நினைத்துவிட வேண்டாம். வருவாய் கோர்ட்டில் வாய்தா இருக்கிற நாள், தாசில்தாரிடம் மனு கொடுக்கிற நாள், மகளின் மாமியாரைப் பார்க்கப் போகிற நாள். நெஞ்சு படபடக்கும் என்று முன்கூட்டியே தெரிகிற நாளெல்லாம் அவள் கணக்கில் நல்ல நாள்தான். அன்றைக்குக் காலையில் ஒரு ரோஸ் மாத்திரையைக் கிள்ளிப் போட்டுக்கொண்டு கிளம்புவாள். நடவுக்குப் போகும்போது யாராவது பட்டுப் புடவை கட்டிக்கொண்டு போவார்களா? அவள் நியாயம் அவ்வளவுதான். டாக்டரிடம் இதைச் சொன்னதில்லை. டாக்டரும் கேட்டதில்லை. கருவேலங்குடிக் கீழத்தெருவில் பாதிப் பேர் இப்படித்தான். சும்மா வருகிற எதையும் முழுசாக நம்பிப் பழக்கமில்லாத ஜனம் அது. சூரியன் ஆண்டாலும் இலை ஆண்டாலும் சும்மா வந்த டி.வி.யும் மிக்சியும் எத்தனை நாளில் புகைந்தன என்று அவர்களுக்குத் தெரியும். சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளலாம்.

அந்த வெள்ளிக்கிழமை காலையில் அவள் ரோஸ் போட்டிருந்தாள், போராட்ட நாள் என்பதால். வாய்க்கால் மேட்டில் எண்ணெய்க் கம்பெனிக்காரர்கள் குழாயைக் கொண்டுவந்து இறக்கியிருந்தார்கள். விடிவதற்குள் ஊர் போய்க் குழாய் மேல் உட்கார்ந்துவிட்டது. எட்டு மணிக்குப் போலீஸ் வந்தது. ஒன்பது மணிக்கு அறுபத்துமூன்று பேரையும் இரண்டு பஸ்ஸில் ஏற்றிச் சாலையோரத்துக் கல்யாண மண்டபம் ஒன்றில் கொண்டுபோய் அடைத்தது. போன முகூர்த்தத்தில் யாருக்கோ நடந்த கல்யாணத்தின் தெர்மாகோல் எழுத்துகள் மேடையில் இன்னும் ஒட்டியிருந்தன. மாப்பிள்ளை பேர் இருந்தது. பெண்ணின் பேரில் பாதி உதிர்ந்துபோயிருந்தது.

அம்சத்துக்கு இது நான்காவது கைது. முதல் தடவை பயமாக இருந்தது, இரண்டாம் தடவை பெருமையாக இருந்தது. இப்போது இடுப்பு வலிக்கிறது, அவ்வளவுதான். போராட்டம் என்றால் கோஷம் என்று டி.வி. பார்க்கிறவர்கள் நினைக்கிறார்கள். முக்கால்வாசிப் போராட்டம் உட்கார்ந்திருப்பதுதான். வயல் மேட்டில், கலெக்டர் ஆபீஸ் வாசலில், கோர்ட் வராந்தாவில், மண்டபத்துச் சிமெண்டுத் தரையில் உட்கார்ந்து உட்கார்ந்தே ஐம்பத்தெட்டு வயது ஆகிவிட்டது அவளுக்கு.

அதே கூட்டத்தில், மேடைக்குப் பக்கத்தில், ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் தியாகேசன் உட்கார்ந்திருந்தார். மற்றவர்கள் தரையில் இருக்க, அவருக்கு மட்டும் எங்கிருந்தோ ஒரு நாற்காலி வந்துவிட்டது. மிராசு போனாலும் நாற்காலி போகாது. எழுபத்தொரு வயது. பெண்சாதி போய்ச் சேர்ந்து, பிள்ளைகள் சென்னைக்குப் போய், பெரிய வீட்டில் தனி ஆள்.

அவருக்கும் அம்சத்துக்கும் பதினாலு வருஷமாக வழக்கு நடக்கிறது. வாய்க்காலை ஒட்டிய அவர் நிலத்தில், முக்கால் ஏக்கர்கூட வராத இரண்டு மாவை அம்சத்தின் அப்பா குத்தகைக்குப் பயிரிட்டார். அவருக்குப் பிறகு அவள் பயிரிடுகிறாள். குத்தகைப் பதிவேட்டில் பேர் ஏற வேண்டும் என்று அவள் மனுப் போட்டாள். அவள் குத்தகைதாரியே இல்லை, கூலிக்கு வந்தவள் என்று அவர் எதிர்மனுப் போட்டார். அன்று தொடங்கியது. வாய்தா மேல் வாய்தா. எத்தனையோ அதிகாரிகள் மாறிவிட்டார்கள். அந்த இரண்டு மாவில் மட்டும் குறுவையும் சம்பாவும் தவறாமல் விளைந்துகொண்டிருக்கின்றன.

ஆனால் எண்ணெய்க் கம்பெனி வந்தபோது ஊரில் நிலம் தர மாட்டேன் என்று முதலில் சொன்ன பெரிய ஆள் அவர்தான். குழாய்க்கான பாதை அவர் நிலத்தின் வழியாகத்தான் போக வேண்டும். பிள்ளைகள் விற்றுவிடலாம் என்று நச்சரிப்பதும், அவர் முடியாது என்று ஒற்றைக்காலில் நிற்பதும் ஊருக்கே தெரியும். அவர் இருக்கிறவரை நிலம் நிலமாக இருக்கும். நிலம் இருந்தால்தான் வழக்கு. வழக்கு இருந்தால்தான் அவளுடைய இரண்டு மா. இதை அம்சம் எப்போதோ கணக்குப் பார்த்து வைத்திருந்தாள். எதிரிதான், ஆனாலும் அவர் நூறு வயது இருக்க வேண்டும் என்று மாரியம்மனிடம் வேண்டிக்கொள்கிற நிலைமை அவளுக்கு. இதைவிடக் கேவலம் ஒரு மனுஷிக்கு வேண்டுமா?

பன்னிரண்டு மணி வாக்கில் தியாகேசன் நெற்றியைப் பிடித்துக்கொண்டு குனிந்ததை முதலில் பார்த்தவளும் அவள்தான். கண் அவர் மேலேயே இருந்ததால் பார்த்தாள். எழுந்து போனாள்.

"அய்யா, என்ன செய்யுது?"

"ஒண்ணுமில்ல. தல சுத்துது. நீ போ."

"காலையில மாத்திர போட்டீங்களா?"

அவர் சட்டைப் பையைத் தடவிப் பார்த்தார். விடிகாலையில் கிளம்பி வந்தவர், மாத்திரை வீட்டு மேஜையில். வீடு பூட்டியிருக்கிறது. செல்போன்களைப் போலீஸ் வாங்கி வைத்துக்கொண்டது. முகம் வேர்த்து, உதடு வெளுத்திருந்தது.

கூத்தாநல்லூரிலிருந்து ஆதரவுக்கு வந்து, ஊரோடு சேர்ந்து கைதான பெண்களில் கமருன்னிஸா என்று ஒருத்தி இருந்தாள். முப்பது வயதிருக்கும். கூட்டுறவு மருந்தகத்தில் மருந்தாளுநர். காலையிலிருந்து மண்டபத்தில் யார் யாருக்கோ சர்க்கரை மாத்திரையை எப்போது போட வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தவள் அவள்தான். அம்சம் அவளைக் கையோடு இழுத்து வந்தாள். தியாகேசனின் சட்டைப் பையில் டாக்டர் சீட்டு இருந்தது. அதை வாங்கிப் படித்ததும் அந்தப் பெண்ணின் முகம் மாறியது.

"சார், போன வருஷம் ஹார்ட் அட்டாக் வந்திருக்கா? இத ரெண்டு வேளையும் விடாமப் போடணும் சார். திடீர்னு நிறுத்துனா நெஞ்சு தாங்காது. நேத்து ராத்திரியாவது போட்டீங்களா?"

"நேத்து போராட்டக் குழுக் கூட்டம். மறந்துட்டேன்."

கமருன்னிஸா ஓடிப்போய் இன்ஸ்பெக்டரிடம் சொன்னாள். பெரியாஸ்பத்திரிக்கு அனுப்புகிறேன் என்றார் அவர். அதற்குத் தியாகேசன் ஒத்துக்கொள்ளவில்லை. "தர்மாஸ்பத்திரிக்கா? என்னத் தூக்கித்தான் கொண்டுபோவணும்" என்றார். சரி, மாத்திரையாவது வாங்கி வாருங்கள் என்று ஒரு கான்ஸ்டபிளை அனுப்பினார்கள். போன வேகத்தில் அவர் திரும்பி வந்தார். ஊரில் கடையடைப்பு. மருந்துக் கடைக்கு விலக்கு உண்டு என்று போராட்டக் குழுவே துண்டறிக்கை போட்டிருந்தது. விவசாயி மேல் பாசம் பொங்கி மருந்துக் கடைக்காரர்களும் ஷட்டரை இறக்கிவிட்டார்களாம். நம்ம ஜனத்தின் பாசம் இப்படித்தான், வேண்டாத இடத்தில் வந்து நிற்கும்.

அம்சம் சுருக்குப் பையை அவிழ்த்துக் காட்டினாள். கமருன்னிஸா காகித உறையைப் பார்த்தாள். வெள்ளித்தாளைத் திருப்பிப் பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படித்தாள். சீட்டை இன்னொரு தடவை பார்த்தாள்.

"அட்டனலால் அம்பது. சாருக்கும் அதேதான், அதே அளவுதான். அம்மா, இந்த வெள்ளையும் இந்த ரோஸும் ஒரே மருந்து. நீங்க ரெண்டும் ஒரே வேளையில சேத்துப் போடுறதில்லையே?"

"இல்ல தாயி. ஒரு வேளைக்கு ஒண்ணுதான். ரோஸு நல்ல நாளைக்கு."

அந்தப் பெண்ணுக்குப் புரியவில்லை. புரிய வைக்க அம்சத்துக்கும் தெம்பில்லை. கமருன்னிஸா ஒரு வெள்ளை மாத்திரையை எடுத்து நீட்டினாள். தியாகேசன் அதைப் பார்த்தார், பிறகு தலையைத் திருப்பிக்கொண்டார்.

"அது சுண்ணாம்பும்மா. கவர்மெண்ட்ல எவன் கமிஷனுக்கோ வாங்குனது. அதப் போடுறதுக்குச் சும்மா இருக்கலாம்."

"சார், உள்ள இருக்கிற மருந்து ஒண்ணுதான். கம்பெனி மாத்திரைக்கு நீங்க குடுக்கிற காசுல பாதி அந்தக் கம்பெனி பேருக்கு, விளம்பரத்துக்கு, டாக்டர் வீட்டு வாசல்ல பை தூக்கிட்டு நிக்கிறவங்களுக்கு. இதயும் பரிசோதன பண்ணித்தான் அனுப்புறாங்க."

"விதநெல்லும் மூட்ட நெல்லும் பாக்க ஒண்ணுதான். ரெண்டையும் வெதச்சுப் பாரு, தெரியும்."

"மோசமான சரக்கு எப்பவாவது வருது சார், இல்லேன்னு சொல்ல மாட்டேன். அது பெரிய கம்பெனியிலயும் வந்திருக்கு. நான் பத்து வருஷமா பாக்கிறேன்."

அவர் கேட்கவில்லை. இதைக் கேட்டுக்கொண்டிருந்த அம்சத்துக்கு ஒரு பக்கம் எரிச்சல், ஒரு பக்கம் வெட்கம். அவளும்தானே அப்படி நினைத்துக்கொண்டிருக்கிறாள்? அவர் வாயால் கேட்கும்போது மட்டும் ஏன் சுருக்கென்று தைக்க வேண்டும்? தினமும் இரண்டு வேளை தான் தின்பதை ஒருத்தர் சுண்ணாம்பு என்கிறார். ஒரு சண்டை போட்டிருக்கலாம். ஆனால் அவர் மூச்சு வாங்கியது, சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது. இவர் செத்தால் என் நிலம் போச்சு என்பதைத் தவிர அவள் மண்டைக்குள் வேறு எதுவும் ஓடவில்லை.

வெள்ளித்தாளில் கடைசியாக ஒரு ரோஸ் மாத்திரை மிச்சமிருந்தது. அதைக் கிள்ளி அவர் கையில் வைத்தாள். அவர் தாளை வாங்கிக் கம்பெனி பேரைப் படித்துப் பார்த்தார். தான் போடுவதும் அதே கம்பெனிதான் என்று தெரிந்ததும் மறு பேச்சில்லாமல் விழுங்கினார். இருக்கிறவரை வைத்தியன் விட மாட்டான், செத்த பிறகும் பஞ்சாங்கக்காரன் விட மாட்டான் என்பார்கள். இவர் விஷயத்தில் கம்பெனிக்காரன்தான் விட மாட்டான் போலிருக்கிறது.

போலீஸ் கொடுத்த சாம்பார் சாதப் பொட்டலத்தைத் தின்றுவிட்டு ஜனம் அங்கங்கே சாய்ந்தது. மூன்று மணிக்குத் தியாகேசனுக்கு முகம் தெளிந்தது. நாற்காலியை விட்டு இறங்கி, தூணில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தார். கொஞ்சம் தள்ளி அம்சம்.

"அம்சம். அந்த மாத்திரைய எதுக்கு வச்சிருந்த?"

"வியாழக்கிழம வாய்தா இருக்குல்லங்க."

"யாரு கேசு?"

"நம்ம கேசுதாங்க."

அவர் மேடைப் பக்கம் பார்த்தார். மேடையில் ஒரு தெர்மாகோல் எழுத்து காற்றில் படபடத்தது. பிறகு, தரையைப் பார்த்தபடி, சாதாரணமாகச் சொல்வதுபோல் சொன்னார்.

"நான் கையெழுத்துப் போட்டுட்டேன்."

"என்ன கையெழுத்துங்க?"

"பெரியவனுக்குப் பவர் எழுதிக் குடுத்துட்டேன். புதங்கெழம. வாய்க்கா ஓரம் மொத்தமும். திங்கக்கெழம பத்து மணிக்குக் கம்பெனி ஆளு பேருக்குக் கெரயம் பண்றான்."

அம்சத்துக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் கோபம்கூட வரவில்லை. கையெழுத்துப் போட்ட ஆள் குழாய் மேல் வந்து எதற்காக உட்கார்ந்தார்? அதைக் கேட்டாள்.

"வீட்ல உக்கார முடியல. ஊரே போவுது. நான் போவலேன்னா என்ன நெனைப்பாங்க? ரெண்டு வருஷமா தெனம் போன்ல சண்ட. பேரப்புள்ளைய அனுப்ப மாட்டேன்னுட்டான். எனக்கு அலுத்துப் போச்சு அம்சம்."

"அலுத்துப் போச்சுங்களா" என்றாள் அவள். "ஒங்களுக்கு."

எழுந்து போனாள். கை கழுவுகிற இடத்தில் குழாயைத் திறந்துவிட்டு, முகத்தில் தண்ணீரை அடித்து அடித்து ஊற்றினாள். அழுகை வந்தது. நிலத்துக்காகவா, கொடுத்துவிட்ட மாத்திரைக்காகவா என்று அவளுக்கே தெரியவில்லை. அந்த ஆள் செத்துத் தொலைந்திருந்தால் என்ன என்று மனசு ஒரு தடவை சொன்னது. அப்படிச் சொன்ன மனசை அவள் திட்டவும் இல்லை.

ஆனால் பதினாலு வருஷம் கோர்ட் வராந்தாவில் உட்கார்ந்தவள் அவள். வக்கீல்கள் டீ குடித்துக்கொண்டே பேசுவதைக் கேட்டுக் கேட்டு அவளுக்குப் பாதி வக்கீல் படிப்பு வந்துவிட்டது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தாள்.

"பவர ரத்து பண்ணலாம்லங்க."

அவர் நிமிர்ந்தார்.

"பண்ணலாம். நான் நேர்ல ரிஜிஸ்தர் ஆபீஸ் போவணும். அவன் பத்து மணிக்குப் போறதுக்குள்ள போவணும்."

"போவீங்களா?"

"பெரியவன் அப்பறம் மொகத்துலயே முழிக்க மாட்டான்."

"போவீங்களா மாட்டீங்களா?"

அவர் கண்ணை மூடிக்கொண்டார். "சாயங்காலம் வெளிய விட்டு, உசுரோட வீடு போய்ச் சேந்தா போறேன்" என்றார். அது சத்தியமா, சமாளிப்பா என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. செத்தால் பவரும் செத்துப்போகும். ஆனால் பிள்ளைகளுக்கு அப்புறம் பவர் எதற்கு, நிலமே அவர்களுடையது. ஆகவே திங்கட்கிழமை வரை இந்த ஆள் சாகக் கூடாது. காலையில் எங்கே இருந்தாளோ அங்கேயேதான் வந்து நின்றாள். அலுப்பு மட்டும் இன்னும் ஒரு படி ஏறியிருந்தது.

ஆறு மணிக்கு எல்லோரையும் விட்டுவிடுவது வழக்கம். அன்று ஆறரைக்கு இன்ஸ்பெக்டர் வந்து, மேலிடத்திலிருந்து உத்தரவு வரவில்லை, நாளைக் காலையில்தான் விடுவோம் என்று சொல்லிவிட்டுப் போனார். கொஞ்சப் பேர் கோஷம் போட்டுப் பார்த்தார்கள். தொண்டை வறண்டதும் நிறுத்திக்கொண்டார்கள்.

ஏழு மணிக்கு மாத்திரை நேரம். அம்சம் காகித உறையிலிருந்து இரண்டு வெள்ளை மாத்திரைகளை எடுத்தாள். ஒன்றைத் தன் வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தாள். இன்னொன்றை அவருக்கு நீட்டினாள்.

"அந்த ரோஸ் இன்னொண்ணு..."

"அது ஒண்ணுதான் இருந்துச்சு."

"நாளைக்குக் காலையில வீட்ல போய்ப் போட்டுக்கிறேன்."

"நேத்து ராத்திரி விட்டீங்க. காலையில மட்டம். மத்தியானந்தான் ஒண்ணு உள்ள போயிருக்கு. ரெண்டு வேள விட்டதுக்கே நாற்காலிலேர்ந்து விழப் பாத்தீங்க."

"இது கேக்குமா அம்சம்?"

கமருன்னிஸாவைக் கூப்பிடலாம் என்று அவள் திரும்பினாள். அந்தப் பெண் மண்டபத்தின் மறுகோடியில் யாருக்கோ கால் நீவிவிட்டுக்கொண்டிருந்தாள். கூப்பிட வாயெடுத்த அம்சம் அப்படியே நின்றாள். கொதிப்பு என்று டாக்டர் சொல்லிப் பதினோரு வருஷம். வருஷத்துக்கு வாய்தா நாலோ ஐந்தோ. மனு, சம்பந்தி, மற்றது என்று எல்லாம் சேர்த்தாலும் பத்து நாள் தேறாது. அந்தப் பத்து நாளிலும் காலையில் மட்டும்தான் ரோஸ். மீதி நாள் முழுக்க அவளை நிற்க வைத்தது எது? நாற்றுப் பறித்தபோது, கதிர் அறுத்தபோது, புருஷன் செத்த வருஷம் பாடையைப் பிடித்துக்கொண்டு தெருக்கோடி வரை ஓடியபோது, அவள் வயிற்றில் இருந்தது எது? இத்தனை நாள் இது அவளுக்கு உறைக்கவே இல்லை. கூடவே இருந்து உழைத்ததை அவளும்தான் மட்டமாக நினைத்திருக்கிறாள். இந்த ஆளுக்கும் தனக்கும் இதில் என்ன வித்தியாசம் என்று நினைத்தபோது அவளுக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது.

"பதினோரு வருஷமா இதத்தான் திங்கிறேன்" என்றாள். "செத்தா போயிட்டேன்? ஒங்க நெலத்துல நின்னு, ஒங்களுக்கே எதிரா கேஸ் நடத்திக்கிட்டுத்தான இருக்கேன்?"

தியாகேசன் அவளைப் பார்த்தார். பிறகு கையை நீட்டி, மாத்திரையை வாங்கி, வாயில் போட்டுக்கொண்டார். தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தாள். குடித்தார். தொண்டை ஏறி இறங்கியது. பாட்டிலைத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சுவர்ப் பக்கம் ஒருக்களிக்கப் போனார்.

அம்சம் நகரவில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டுக் குழாய் மேல் வந்து உட்காரத் தெரிந்த மனுஷன், மாத்திரையைக் கன்னத்தில் ஒதுக்கிவைத்து அப்புறம் துப்பவும் தெரிந்தவர்தான்.

"அய்யா" என்றாள். "வாயத் தொறங்க."

அவர் ஒரு கணம் தயங்கினார். சுற்றிலும் ஊர் ஜனம் பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு வாயைத் திறந்தார். அவள் குனிந்து, நாக்கைத் தூக்கச் சொல்லி, இரண்டு கன்னத்தையும் நிதானமாகப் பார்த்தாள்.